கட்டணத்துக்குத் தேதி இருக்கிறது

போன ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, இரவு பத்து மணிக்கு மேல் சித்தி மகள் போன் செய்தாள். "அக்கா, வெள்ளிக்கிழமைதான் கடைசி நாளாம்" என்றாள். எவ்வளவு என்று நானாகக் கேட்கும்வரை தொகையைச் சொல்லவில்லை. எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை. எங்கள் வீடுகளில் கல்லூரிக் கட்டணம் முதலில் ஒரு தேதியாகத்தான் வந்து நிற்கும். தொகை எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம்.

நான் பள்ளிபாளையத்துக்காரி. ஈரோட்டிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினால் எங்கள் ஊர். அப்பா தறிப்பட்டறையில் தறி ஓட்டினார். சனிக்கிழமை கூலி, ஞாயிற்றுக்கிழமை சந்தை, திங்கட்கிழமைக்குள் கை காலி. வாரக் கணக்கில் ஓடுகிற வீட்டில் வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கட்டவேண்டிய தொகை என்ன செய்யும் என்பதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். உயர்கல்விச் செலவு ஏறிவிட்டது என்று எல்லோரும் பேசுகிறோம். எவ்வளவு ஏறியது என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தப் பணம் எந்த நாளில் வேண்டும், உதவி எந்த நாளில் வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. நான் பார்த்தவரை, பிள்ளைகளின் வாழ்க்கை திசைமாறுவது அந்த இரண்டு நாட்களுக்கும் நடுவில்தான்.

2010 ஜூலையில் அப்பாவும் நானும் பொறியியல் கலந்தாய்வுக்காகச் சென்னைக்குப் போனோம். அப்போது அது கிண்டியில், அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலேயே நடக்கும். அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் பேருந்தில் பாதிக் கட்டணம். பெரிய திரையில் கல்லூரிப் பெயர்களும் மிச்சமிருக்கும் இடங்களும் ஓடிக்கொண்டிருந்தன. அப்பா திரையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம், "ஏனுங்க, பணம் எத்தனை நாளைக்குள்ள கட்டோணும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரு தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு. கல்விக் கட்டணம் 32,500 ரூபாய். அது கட்டண நிர்ணயக் குழு விதித்தது, அதற்கு ரசீது உண்டு. கல்லூரிக்குப் போனபோது பேருந்துக்கு 11,000, புத்தகம், சீருடை, ஆய்வகம், இன்னும் என்னவோ என்று 15,000 சேர்ந்துகொண்டது. ஆக மொத்தம் 58,500. பத்து நாளில் கட்ட வேண்டும்.

வங்கிக்குப் போனோம். அந்தக் காலத்தில் கல்விக் கடனைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. 2001இல் வந்த திட்டத்தின்படி நான்கு லட்சம் வரை அடமானம் எதுவும் கேட்கக் கூடாது. ப. சிதம்பரம் நிதியமைச்சராக இருந்தபோது வங்கிகளை நெருக்கிக் கொடுக்கச் சொன்னதும் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் கிளை மேலாளரும் முடியாது என்று சொல்லவில்லை. கல்லூரியிலிருந்து போனஃபைடு, அதாவது நான் அங்கே படிக்கிறேன் என்பதற்கான சான்றிதழ், வாங்கி வரச் சொன்னார். கல்லூரியில் கேட்டால், பணம் கட்டிச் சேர்ந்த பிறகுதான் போனஃபைடு என்றார்கள். பணத்துக்கு வங்கிக்குப் போனால் சான்றிதழ், சான்றிதழுக்குக் கல்லூரிக்குப் போனால் பணம். மூன்று நாள் இப்படிப் போய்வந்தோம். நான்காம் நாள் அப்பா பட்டறை முதலாளியிடம் போனார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்துத் தறிப்பட்டறைகளில் அட்வான்ஸ் என்று ஒன்று உண்டு. கல்யாணம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று எதற்காவது முதலாளி மொத்தமாக ஒரு தொகை கொடுப்பார். பத்திரம் கிடையாது. ஆனால் அது தீரும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. வாரக் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிப்பார்கள். நடுவில் ஒரு காய்ச்சல் வந்தால் மறுபடியும் அதே கணக்கில் ஏறும். அப்பா அதுவரை அட்வான்ஸ் வாங்காமல் பார்த்துக்கொண்டவர். எந்தப் பட்டறையில் கூலி நன்றாக இருக்கிறதோ அங்கே போவேன் என்பதுதான் அவருடைய ஒரே பெருமை. அன்று 40,000 வாங்கினார். மீதிக்கு அம்மாவின் தோடும் என் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போயின. கடைசி நாளுக்கு முந்தைய நாள் பணம் கட்டினோம். போனஃபைடு கையில் கிடைத்தது.

வங்கி கடனை அனுமதித்தது அடுத்த வருடம் மார்ச்சில். முதல் ஆண்டே முடியப்போகிற நேரம். அந்த ஆண்டுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தர முடியாது, இரண்டாம் ஆண்டிலிருந்து நேராகக் கல்லூரிக்கு அனுப்புகிறோம் என்றார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகையை அரசு கொண்டுவந்ததும் நான் சேர்ந்த 2010-11இல்தான். கல்லூரி முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, அரசுப் பணம் வந்தால் கழித்துக்கொள்கிறோம் என்றது. கழித்தது இரண்டாம் ஆண்டின் கடைசியில். அதாவது எனக்கு உதவி இல்லாமல் போகவில்லை. கடனும் வந்தது, சலுகையும் வந்தது. எல்லாம் வந்துசேர்வதற்குள் அப்பா ஒரு பட்டறையோடு கட்டுண்டு போயிருந்தார்.

2012ஐ எங்கள் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மின்வெட்டு வருடம். பகலில் பாதி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. தறிக்கூலி நெய்த துணியின் மீட்டர் கணக்குக்குத்தான், ஓடாத தறிக்கு ஏது கூலி? இருட்டுப் பட்டறையில் ஆட்கள் கரண்டுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அட்வான்ஸ் குறையவே இல்லை, கூடியது. அந்த வருடம் என் தம்பி பத்தாம் வகுப்பு முடித்தான். 500க்கு 438. கணக்கில் 97. பதினொன்றாம் வகுப்புக்கு விண்ணப்பப் படிவம்கூட வாங்கி வைத்திருந்தான்.

முதலாளி கெட்டவர் இல்லை. வீட்டுக்கே வந்து அப்பாவிடம் சொன்னார்: "நானும் எத்தனை நாளைக்குத் தாங்கறது? பையனை ராத்திரி ஷிப்டுக்கு அனுப்பு. ரெண்டு பேரா ஓட்டுனா ஒரு வருசத்துல கணக்கு முடிஞ்சுபோகும். அப்புறம் படிக்கட்டும்." அப்பா ஒன்றும் பேசவில்லை. நான் அப்போது இரண்டாம் ஆண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன், உள்ளறையில். எல்லாம் கேட்டது. எழுந்து வந்து நான் நின்றுவிடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாதியில் நின்றால் கட்டியதெல்லாம் வீண் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அந்தக் கணக்கு தப்பென்று தோன்றவில்லை. ஆனால் அந்தக் கணக்கைப் போட்டது பத்தொன்பது வயதுப் பெண், அதற்கான விலையைக் கொடுத்தது பதினைந்து வயதுப் பையன்.

ஒரு வருடம் என்றது முடியவே இல்லை. அவனுக்கு இப்போது 29. பகல் ஷிப்டு ஓட்டுகிறான். தறிச் சத்தத்தில் ஒரு காது கொஞ்சம் மந்தம். ஒருமுறைகூட அவனாக என்னிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை. நான் பேச்செடுத்தபோது, "விடு அக்கா, யாராவது ஒருத்தர் படிச்சிருக்கணும்ல" என்றான். கல்விச் செலவால் பாதிக்கப்பட்ட மாணவர்கள் என்று யாராவது கணக்கெடுத்தால் என் பெயர் வரும். கல்லூரி வாசலையே மிதிக்காத என் தம்பியின் பெயர் எந்தக் கணக்கில் வரும்?

கடனின் கதையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு, மூன்று, நான்காம் ஆண்டுகளுக்கு வருடம் 70,000 வீதம் வங்கி கல்லூரிக்கு அனுப்பியது. கல்விக் கட்டணம் அப்படியேதான் இருந்தது. பேருந்து, பயிற்சி, ஆய்வகம் என்று அதைச் சுற்றியிருந்தவை ஏறின. ஆக 2,10,000. வட்டி 12.5 சதவீதம். படிக்கும்போதும் படித்து முடித்து ஒரு வருடம்வரையிலும் கட்ட வேண்டாம் என்றார்கள். கட்டத்தான் வேண்டாம், வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். முதல் 70,000க்கு நான்கு வருட வட்டி, அடுத்ததற்கு மூன்று, கடைசிக்கு இரண்டு. வருடத்துக்கு 8,750 வீதம் ஒன்பது வருடக் கணக்கு, 78,750. நான் முதல் தவணை கட்டுவதற்கு முன்பே கடன் 2,88,750 ஆகியிருந்தது. ஏழு வருடம், மாதம் சுமார் 5,175.

2009-10லிருந்து தொழிற்கல்விப் படிப்புகளுக்காக எடுத்த கல்விக் கடன்களுக்கு, பெற்றோரின் ஆண்டு வருமானம் நான்கரை லட்சத்துக்குள் இருந்தால், அந்தத் தவணையில்லாக் காலத்து வட்டி முழுவதையும் மத்திய அரசே ஏற்கும் திட்டம் ஒன்று இருக்கிறது. எங்கள் வருமானம் ஒரு லட்சத்தைத் தொட்டதில்லை. எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. 2015இல் நாளிதழில் படித்துவிட்டு வருமானச் சான்றிதழோடு வங்கிக்கு ஓடினேன். அந்த ஆண்டுகளுக்கான தேதி முடிந்துவிட்டது என்றார்கள். அந்த 78,750ஐ நாங்களே கட்டினோம். வங்கியில் வேலை பார்ப்பவர்கள் இதைப் படித்தால் ஒரே ஒரு வேண்டுகோள். கடன் கேட்டு வரும் பிள்ளையிடம் அந்த ஒரு வரியை நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.

படித்து முடித்ததும் மேலே படிக்க ஆசை இருந்தது. கேட் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்து எம்.இ. சேர்ந்தால் மாதம் 12,400 உதவித்தொகை. அது 2014இல்தான் 8,000லிருந்து உயர்ந்திருந்தது. என் தோழி ஒருத்தி அப்படித்தான் போனாள். ஆனால் தேர்வுக்குத் தயாராக ஒரு வருடம் வீட்டில் இருக்க வேண்டும். அந்த ஒரு வருடத்தை யார் தருவார்கள்? சென்னையில் 9,000 சம்பளத்துக்கு ஒரு அலுவலகத்தில் தரவு உள்ளிடும் வேலைக்குச் சேர்ந்தேன். நான்கு வருடம் படித்த மின்னணுவியலுக்கும் அந்த வேலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 2015இலிருந்து 2022வரை தவணை. முதல் இரண்டு வருடத் தவணையில் பாதி, தம்பியின் தறிக்கூலி.

எங்களைப் போன்றவர்களுக்குக் கல்லூரிக் கதவே திறக்காத காலம் ஒன்று இருந்தது என்பதையும் மறக்கவில்லை. 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். அவை வந்திராவிட்டால் எனக்கு இடமே கிடைத்திருக்காது. 2021-22 கணக்குப்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை 47 சதவீதம், இந்தியா முழுவதற்கும் சேர்த்து 28.4. இந்த எண்ணில் எனக்கும் பெருமைதான். நன்கொடை வாங்குவதைத் தடுக்க 1992இலேயே இங்கே சட்டம் போட்டார்கள். கட்டணத்துக்குக் குழு இருக்கிறது. அரசு ஒதுக்கீட்டில் அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000, மற்றவற்றுக்கு 50,000 என்று 2017இல் நிர்ணயித்தார்கள். இதெல்லாம் நல்லதுதான். ஆனால் இவை எல்லாமே தொகையைப் பற்றிய ஏற்பாடுகள்.

தொகையைக் குறைத்தாலும் தேதி என்ன செய்யும் என்பதற்கு 2024இல் நாடே ஒரு சாட்சியைப் பார்த்தது. உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தில் தினக்கூலி ஒருவரின் மகனுக்கு, தலித் மாணவன், தன்பாத் ஐஐடியில் இடம் கிடைத்தது. 2016இல் ஐஐடிகள் ஆண்டுக் கட்டணத்தை 90,000லிருந்து இரண்டு லட்சமாக உயர்த்தியபோது, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி என்றும் அறிவித்தார்கள். ஆகவே அந்தப் பையனுக்குப் பெரிய தொகை தடையாக இல்லை. இடத்தை உறுதிசெய்ய 17,500 ரூபாய் கட்ட வேண்டும். ஜூன் 24, மாலை 5 மணிக்குள். குடும்பம் ஊரில் கைமாற்று வாங்கிப் பணத்தைச் சேர்த்தபோது கடைசி நிமிடங்கள். இணையதளம் மூடிக்கொண்டது, இடம் போயிற்று. அந்த ஆண்டு நுழைவுத் தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால் அவன் சென்னை உயர் நீதிமன்றம்வரை வந்தான். கடைசியில் செப்டம்பர் 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி அவனைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது.

அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. அவன் வீட்டில் அந்த மாலை எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். யார் யாரிடம் கேட்டிருப்பார்கள், யார் "நாளைக்கு வா" என்று சொல்லியிருப்பார்கள் என்றுகூடத் தெரியும். அவனுக்கு உச்ச நீதிமன்றம் கிடைத்தது. ஒவ்வொரு ஜூலையிலும் எத்தனை பிள்ளைகள் வழக்கும் இல்லாமல் செய்தியும் இல்லாமல், இரண்டாவது விருப்பத்துக்கோ மூன்றாவது விருப்பத்துக்கோ ஒதுங்கிப்போகிறார்கள்!

சரி, சித்தி மகளிடம் வருகிறேன். அவள் 2024இல் சேர்ந்தாள், நான் படித்த அதே பிரிவு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020இல் வந்தது, அடுத்த ஆண்டே பொறியியலுக்கும் வந்தது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. நான் படித்த காலத்தில் நினைத்தும் பார்க்க முடியாத உதவி அது. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இவள் ஆறிலிருந்து எட்டுவரை வீட்டுக்கு நாலு தெரு தள்ளியிருந்த அரசு உதவிபெறும் பள்ளியில் படித்தாள். அங்கேயும் கட்டணம் இல்லை, சத்துணவு உண்டு, தமிழ்வழிதான். சித்திக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பெரிய ரோட்டைக் கடக்க வேண்டாம் என்று அங்கே சேர்த்தாள். அந்த ரோட்டால் ஒதுக்கீடு போயிற்று.

முதல் தலைமுறைச் சலுகை 25,000 உண்டு. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் முதலில் இவளுக்கு இல்லை. 2024 டிசம்பர் கடைசியில் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த பெண்களுக்கும் விரிவாக்கியபோது கிடைத்தது. அந்த ஆயிரத்தை யாராவது குறைத்துப் பேசினால் எனக்குக் கோபம் வரும். அவள் அதில்தான் நோட்டு, ரெக்கார்டு, தேர்வுக் கட்டணம் எல்லாம் பார்த்துக்கொள்கிறாள். யாரிடமும் கேட்காமல் செலவு செய்ய ஒரு பெண்ணிடம் பணம் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். 2024 நவம்பரில் பிரதமரின் வித்யாலட்சுமி திட்டமும் வந்தது. எட்டு லட்சத்துக்குள் வருமானம் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குப் பத்து லட்சம்வரையிலான கடனில் 3 சதவீத வட்டித் தள்ளுபடி. அது தரவரிசையில் முன்னால் இருக்கும் கல்லூரிகளுக்கு மட்டும். தொடக்கத்தில் நாடு முழுவதும் 860. இவள் படிக்கும் கல்லூரி அதில் இல்லை.

போன ஜூலையில் அவள் கட்டவேண்டியது 73,000. சலுகை போகக் கல்விக் கட்டணம் 30,000தான், பேருந்துக்கு 28,000, மிச்சம் 15,000க்குப் 'பயிற்சி' என்று ஒரே வார்த்தை. இப்போது பட்டறை அட்வான்ஸுக்கு முன்னால் வேறொன்று வந்திருக்கிறது, பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கும் கடன். சித்தி ஏற்கெனவே இரண்டு குழுவில் இருக்கிறாள். மூன்றாவதிலும் சேர்ந்துவிடுகிறேன் என்றாள். தவணை வசூலிக்க வாரா வாரம் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். என் தம்பிதான் வேண்டாம் என்றான். "மறுபடியும் அதே மாதிரி பண்ணாதீங்க" என்றான். இத்தனை வருடத்தில் அதைப் பற்றி அவனாகச் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.

நானும் எங்கள் தெருவிலிருந்து படித்து வேலைக்குப் போன இன்னும் ஐந்து பேரும் மூன்று வருடமாக ஒரு சிறிய ஏற்பாடு வைத்திருக்கிறோம். மாதம் ஆளுக்கு 1,500. வருடத்துக்கு 1,08,000 சேரும். ஜூலைச் சீட்டு என்று பெயர் வைத்திருக்கிறோம். இதில் ஏலம் இல்லை, வட்டி இல்லை. கட்டணத் தேதிக்கு முந்தைய நாள் பணம் கொடுப்போம். கடனோ உதவித்தொகையோ வந்ததும் திருப்பிக் கொடுத்தால் போதும். இது தானமில்லை. அந்த நாலைந்து மாத இடைவெளியை அடைப்பதுதான் வேலை. சித்தி மகளுக்கு அதிலிருந்து 40,000 கொடுத்தோம். வெள்ளிக்கிழமை மதியம், "கட்டியாச்சு அக்கா" என்று ரசீதைப் படமெடுத்து அனுப்பினாள். பயிற்சிக்கான 15,000 அந்த ரசீதில் இல்லை.

ஆறு பேரால் செய்ய முடிகிற இதை அரசால் செய்ய முடியாதா? உதவித்தொகைக்குத் தகுதியான பிள்ளைக்கு, அது வந்துசேரும்வரை கல்லூரி கட்டணம் கேட்கக் கூடாது என்று கண்டிப்பாக நடைமுறைப்படுத்தலாம். போனஃபைடுக்குப் பணம் முன்நிபந்தனை இல்லை என்று ஆக்கலாம். ரசீதில்லாத கட்டணம் கட்டணமே இல்லை என்று ஆக்கலாம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்தது. அது இருப்பதே தெரியாமல், பாக்கி வைத்ததற்காகச் சான்றிதழ் கிடைக்காமல் கைக்கு வந்த வேலையை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த வருடம் சீட்டிலிருந்து நான்கு பேருக்குக் கொடுத்தோம். மூன்று பேருடையது திரும்பி வந்துவிட்டது. நான்காவது பெண் நர்சிங் படிக்கிறாள், பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கு அரசு தரும் மெட்ரிக்குக்குப் பிந்தைய உதவித்தொகைக்குத் தகுதியானவள். கல்லூரி அவளிடம் முதலில் கட்டச் சொன்னது, வந்ததும் திருப்பித் தருகிறோம் என்றது. வாரம் ஒருமுறை எனக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறாள், ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டு. கேட்க வேண்டாம் என்று சொல்லியும் கேட்கிறாள். ஐந்தாவதாக ஒரு பையன் காத்திருக்கிறான், அவனுக்கு ஏப்ரல் 6ஆம் தேதிக்குள் தேர்வுக் கட்டணமும் பேருந்துப் பாக்கியும் கட்ட வேண்டும், இல்லையென்றால் ஹால் டிக்கெட் தர மாட்டார்களாம். இன்று மார்ச் 27. அவளுடைய பணம் இன்னும் வரவில்லை.